புது டீம் வந்தால் யாரை எடுக்கும்? கணிக்க ஐந்து கேள்விகள், கூடவே ஒரு எச்சரிக்கை

ஒரு லீக்கில் புது அணி சேரப்போகிறது என்று செய்தி வந்தால் போதும், அன்று மாலைக்குள் உங்கள் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒரு பட்டியலைப் போட்டுவிடுவார்கள். "இவங்களைத்தான் எடுப்பாங்க, எழுதி வெச்சுக்கோங்க." பெரும்பாலும் அது நட்சத்திரப் பட்டியல். லீக்கில் யார் சிறந்தவர்களோ அவர்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். அதனாலேயே அது தப்பாகவும் போகும்.

புது அணிக்குக் கிடைப்பது சிறந்த வீரர்களின் பட்டியல் இல்லை. பழைய அணிகள் கையை விட்ட வீரர்களின் பட்டியல். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் படிக்கத் தெரிந்தால், கணிப்பில் பாதி முடிந்தது.

மைசூருவில் வேலை பார்க்கும் உங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு ஆர்வம் இருக்கலாம். ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பர் 28ல் ஹாக்கி இந்தியா லீக் திரும்பி வந்தபோது, ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். தமிழ்நாட்டுக்கு ஒன்று உண்டு, ஹைதராபாத்துக்கு உண்டு. கர்நாடகாவுக்கு இல்லை. இத்தனைக்கும் மைசூருவிலிருந்து ஹுன்சூர் வழியாக வண்டியைக் கிளப்பினால் சில மணி நேரத்தில் குடகு வந்துவிடும். இந்திய ஹாக்கிக்கு எம்.பி.கணேஷ், எம்.எம்.சோமய்யா, எஸ்.வி.சுனில் என்று வரிசையாக ஆள் கொடுத்த மாவட்டம் அது. நாளைக்கே கர்நாடகாவுக்கு ஒரு அணி கிடைத்தால் யாரை எடுப்பார்கள்? கடைசியில் அதற்கு வருவோம். அதற்கு முன், இதுவரை நடந்தவற்றை வைத்து முறையைக் கற்றுக்கொள்வோம்.

முதலில்: டிராஃப்ட் என்றால் என்ன?

ஏலத்தில் பணம் பேசும். டிராஃப்ட்டில் வரிசை பேசும். உங்கள் முறை வரும்போது நீங்கள் பெயரைச் சொல்கிறீர்கள், அவர் உங்கள் அணிக்கு வருகிறார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் லீக்கில் புது அணியைச் சேர்ப்பதற்காக நடத்தப்படுவது விரிவாக்க டிராஃப்ட். பழைய அணிகள் சிலரைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம். மிச்சம் இருப்பவர்களில் இருந்து புது அணி எடுத்துக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு லீக்கும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. மூன்று மாதிரிகளைப் பாருங்கள்.

- வேகாஸ், 2017. வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் வேகாஸ் கோல்டன் நைட்ஸ் 31வது அணியாக வந்தது. நுழைவுக் கட்டணம் 50 கோடி டாலர். இருந்த 30 அணிகளும் தலா 7 முன்கள வீரர்கள், 3 தடுப்பாட்டக்காரர்கள், 1 கோல்கீப்பரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அல்லது எந்த இடத்து வீரராக இருந்தாலும் 8 பேர், கூட ஒரு கோல்கீப்பர். மிச்சம் இருப்பவர்களில் ஒவ்வொரு அணியிலிருந்தும் ஒருவர் என்று 30 பேரை வேகாஸ் எடுத்தது.
- புனே, குஜராத், 2015. லோதா குழு சென்னையையும் ராஜஸ்தானையும் இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்ததால் வந்த இரண்டு தற்காலிக அணிகள். டிசம்பர் 15ல் டிராஃப்ட். அந்த இரண்டு அணிகளின் 50 வீரர்கள்தான் பட்டியல். புனேயும் குஜராத்தும் மாறி மாறி ஐந்து ஐந்து பேரை எடுத்தன.
- லக்னோ, அகமதாபாத், 2022. பழைய எட்டு ஐபிஎல் அணிகளும் அதிகபட்சம் நான்கு பேரைத் தக்கவைக்கலாம். புது அணிகள் ஏலத்துக்கு முன்பே தலா மூன்று பேரை நேரடியாகப் பேசி எடுத்துக்கொள்ளலாம். அந்த மூவரில் இந்தியர் இருவருக்கு மேல் கூடாது, வெளிநாட்டவர் ஒருவருக்கு மேல் கூடாது.

மூன்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும் மூன்றும் வேறு வேறு ஆட்டங்கள். அதனால்தான் முதல் கேள்வி வீரர்களைப் பற்றியது இல்லை.

கேள்வி 1: விதி யார் கையில் அதிகாரத்தைக் கொடுக்கிறது?

2015ல் அதிகாரம் முழுக்க வரிசையின் கையில். முதல் தேர்வு புனேவுக்கு. அவர்கள் தோனியை எடுப்பார்கள் என்று சொல்ல எந்த மாடலும் தேவையில்லை. அடுத்து குஜராத் ரெய்னாவை எடுத்தது, புனே ரஹானேவை, குஜராத் ஜடேஜாவை, புனே அஸ்வினை. சென்னை ரசிகர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்த மாதிரி. வீரர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை.

2022ல் நிலைமை வேறு. புது அணிகள் வீரரிடம் பேசி ஒப்பந்தம் போட வேண்டும். அதாவது வீரர் "சரி" என்று சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், பழைய அணியில் இருக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லும் வாய்ப்பும் வீரருக்கு இருந்தது. கே.எல்.ராகுலைத் தக்கவைக்க விரும்பினோம், அவர்தான் வெளியே வர முடிவு செய்தார் என்று அப்போதைய பஞ்சாப் பயிற்சியாளர் அனில் கும்ப்ளே வெளிப்படையாகவே சொன்னார். கடைசி மூன்று சீசன்களில் 593, 670, 626 ரன்கள் அடித்த ஒருவர் வெளியே வருகிறார் என்றால், அது பஞ்சாப் கணக்குத் தெரியாமல் விட்டது இல்லை.

எனவே, வீரரின் சம்மதம் தேவைப்படும் லீக்கில் யார் நல்ல வீரர் என்பதோடு யார் கிளம்ப நினைக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். சம்மதம் தேவையில்லாத லீக்கில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

கேள்வி 2: பழைய அணிக்கு எங்கே இடம் போதவில்லை?

கணிப்பின் மையம் இதுதான்.

பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017ல் அவர்களிடம் இரண்டு நல்ல கோல்கீப்பர்கள் இருந்தார்கள்: அனுபவசாலி மார்க்-ஆண்ட்ரே ஃப்ளூரி, இளையவர் மாட் முர்ரே. விதி ஒருவரை மட்டுமே காப்பாற்ற விடும். இளையவரை வைத்துக்கொண்டார்கள். வேகாஸ் ஃப்ளூரியை எடுத்தது. இதைக் கணிக்க ஃப்ளூரி எவ்வளவு நல்லவர் என்று அலசத் தேவையில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

இப்போது 2022க்கு வாருங்கள்.

- மும்பை ரோஹித், பும்ரா, சூர்யகுமார், பொல்லார்டை வைத்துக்கொண்டது. நான்கு இடமும் தீர்ந்தது. ஐந்தாவது ஆளான ஹர்திக் பாண்டியா வெளியே.
- கொல்கத்தா ரஸல், வருண் சக்கரவர்த்தி, வெங்கடேஷ் ஐயர், நரைனை வைத்துக்கொண்டது. 2021ல் 478 ரன்கள் அடித்த 22 வயது ஷுப்மன் கில் வெளியே.
- டெல்லி பண்ட், அக்ஷர், பிருத்வி ஷா, நோர்க்கியாவை வைத்துக்கொண்டது. ஷ்ரேயஸ் ஐயர், ரபாடா, தவன், அஸ்வின், ஸ்டாய்னிஸ் எல்லோரும் வெளியே.

நல்ல அணியில்தான் இடம் போதாது. எனவே புது அணி எடுக்கப்போகிற ஆட்களைத் தேட வேண்டிய இடம் பலமான அணிகளின் ஐந்தாவது, ஆறாவது பெயர்கள். பலவீனமான அணியின் முதல் பெயரை அந்த அணி கடைசிவரை விடாது. அவராகவே போனால்தான் உண்டு.

இதில் இன்னொரு கிளை உண்டு: பழைய அணி கணக்கைத் தப்பாகப் போடுவது. ஃபுளோரிடா பாந்தர்ஸில் ஜோனதன் மார்ஷசோ அதற்கு முந்தைய சீசனில் 30 கோல் அடித்திருந்தார். ஃபுளோரிடா அவரைக் காப்பாற்றவில்லை. அது போதாதென்று, ரைலி ஸ்மித்தின் பெரிய சம்பளத்தைத் தலையிலிருந்து இறக்கி வைக்க அவரையும் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு வேகாஸிடமே கொடுத்தது. 2023ல் வேகாஸ் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃப்பின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர் அதே மார்ஷசோ.

பழைய அணிகளின் தப்பை முன்கூட்டியே கணிக்க முடியுமா? முழுசாக முடியாது. ஆனால் அவசரமாகச் சம்பளச் சுமையைக் குறைக்க நினைக்கும் அணி எது என்று பார்த்தால், தப்பு எங்கே நடக்கலாம் என்று ஓரளவு தெரியும்.

கேள்வி 3: முகம் யார்?

புது அணிக்கு வரலாறு கிடையாது, ரசிகர்கள் கிடையாது, ஜெர்சி நிறம்கூட இன்னும் யாருக்கும் மனதில் பதியவில்லை. போஸ்டரில் போட ஒரு ஆள் வேண்டும். டாஸுக்குப் போகவும் அதே ஆள் இருந்தால் இன்னும் நல்லது. அதனால் முதல் தேர்வு பெரும்பாலும் கேப்டனாக்கக்கூடிய ஆளாகவே இருக்கும். 2015ல் புனேவுக்கு தோனி, குஜராத்துக்கு ரெய்னா. 2022ல் லக்னோவுக்கு ராகுல், அகமதாபாத்துக்கு ஹர்திக். நான்கு அணிகளிலும் முதல் பெயரே கேப்டன்.

கேள்வி 4: முதல் மூவருக்குக் கொடுத்தபின் கையில் எவ்வளவு மிச்சம்?

நம்மில் பலர் வீட்டுக்கடன் எடுக்கும்போது போடும் கணக்குத்தான் இது. சம்பளத்தில் எத்தனை சதவீதம் தவணைக்குப் போகிறது?

2022ல் ஒவ்வொரு அணிக்கும் மொத்தப் பணம் ரூ.90 கோடி. அகமதாபாத் ஹர்திக்குக்கு 15, ரஷித் கானுக்கு 15, கில்லுக்கு 8 என்று ரூ.38 கோடி செலவழித்தது. மொத்தத்தில் 42 சதவீதம். லக்னோ ராகுலுக்கு 17, ஸ்டாய்னிஸுக்கு 9.2, ரவி பிஷ்னோய்க்கு 4 என்று ரூ.30.2 கோடி. 34 சதவீதத்துக்கும் குறைவு.

இரண்டு அணிகளும் இரண்டு விதமாக யோசித்தது இதிலேயே தெரிகிறது. அகமதாபாத் மூன்று பெரிய தூண்களை நட்டுவிட்டு மிச்சத்தைச் சிக்கனமாகக் கட்டலாம் என்று நினைத்தது. லக்னோ ஒரு பெரிய தூண், ஒரு நடுத்தரத் தூண், ஒரு மலிவான தேர்வு என்று போனது. பிஷ்னோய் அப்போது இந்திய சீனியர் அணிக்கு ஆடியிருக்கவில்லை. அந்த வகை வீரருக்கு விதியே 4 கோடி என்று விலை வைத்திருந்தது. 2020 ஜூனியர் உலகக் கோப்பையில் 17 விக்கெட்டுடன் முதலிடம் பிடித்த லெக் ஸ்பின்னர் 4 கோடிக்குக் கிடைப்பது லாபம்.

நீங்கள் கணிக்கும்போது இதை மறக்கக் கூடாது. விதிப் புத்தகம் எந்த வகை வீரருக்கு விலையைக் கட்டிப்போட்டிருக்கிறதோ, அந்த வகையில் அப்போது யார் சிறந்தவரோ, அவர் பெயரைத் தைரியமாகப் பட்டியலில் எழுதலாம்.

கேள்வி 5: தேர்வு அறையில் உட்கார்ந்திருப்பது யார்?

டேட்டா, மாடல் என்று எவ்வளவு பேசினாலும் கடைசியில் மனிதர்கள் தங்களுக்குத் தெரிந்த மனிதர்களைத்தான் நம்புகிறார்கள். 2022ல் லக்னோவின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ஆண்டி ஃபிளவர். அதற்கு முன் அவர் எங்கே இருந்தார்? பஞ்சாப்பில், உதவிப் பயிற்சியாளராக. லக்னோ எடுத்த மூவரில் ராகுலும் பிஷ்னோயும் எங்கிருந்து வந்தார்கள்? அதே பஞ்சாப்பிலிருந்து.

உங்கள் அலுவலகத்தில் புது மேனேஜர் வந்த மூன்றாவது மாதம் அவருடைய பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்வார்களே, அதே கதைதான். எனவே புது அணியின் பயிற்சியாளர் பெயர் அறிவிக்கப்படும் நாள் முக்கியமான நாள். அவர் கடைசியாக வேலை பார்த்த அணியின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த முறை வேலை செய்கிறதா?

நடந்து முடிந்த பிறகு காரணம் சொல்வது யாருக்கும் சுலபம். அதனால் நேர்மையாகச் சோதித்துப் பார்ப்போம். ஐந்து கேள்விகளையும் 2021 டிசம்பர் தொடக்கத்தில், தக்கவைப்புப் பட்டியல் வந்த உடனே கேட்டிருந்தால் எத்தனை பெயர் சரியாக வந்திருக்கும்?

- ராகுல்: வந்திருப்பார். கிளம்ப நினைத்தவர், கேப்டன், எல்லா ஆண்டும் ரன் அடிப்பவர்.
- ரஷித் கான்: வந்திருப்பார். ஹைதராபாத் வில்லியம்சனை முதல் ஆளாக வைத்துக்கொண்டதும், வெளிநாட்டவர் ஒருவர்தான் என்ற இடத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் வெளியே இல்லை.
- பிஷ்னோய்: பயிற்சியாளர் பெயர் தெரிந்த பிறகு வந்திருப்பார். விலை விதி, பயிற்சியாளர் தொடர்பு இரண்டும் அவர் பக்கம்.
- கில்: பாதி. பலமான அணியின் ஐந்தாவது பெயர் என்பது சரி. ஆனால் அதே வரிசையில் இஷான் கிஷனும் இருந்தார்.
- ஸ்டாய்னிஸ்: கஷ்டம். டெல்லியிலிருந்து மட்டும் வெளிநாட்டு வீரர்கள் பலர் வெளியே இருந்தார்கள். இவர்தான் என்று சொல்ல இந்த ஐந்து கேள்விகள் போதாது.
- ஹர்திக்: வந்திருக்க மாட்டார், குறைந்தது கேப்டனாக. முறைப்படி பார்த்தால் அந்த இடத்துக்கு ஷ்ரேயஸ் ஐயர்தான். 2020ல் டெல்லியை இறுதிப்போட்டிக்குக் கூட்டிப்போனவர் அவர். ஹர்திக் அதுவரை ஐபிஎல்லில் கேப்டனாக இருந்ததில்லை. 2021 ஐபிஎல்லில் ஒரு பந்துகூட வீசவில்லை.

ஆறில் மூன்று உறுதி, ஒன்று பாதி. சும்மா நட்சத்திரப் பட்டியல் போடுவதைவிட இது மேல். ஆனால் முறைக்கு அகப்படாத அந்த ஹர்திக் என்ன செய்தார் என்று பாருங்கள். 2022 மே 29 இறுதிப்போட்டியில் 17 ரன் கொடுத்து 3 விக்கெட், அப்புறம் 34 ரன், ஆட்ட நாயகன், முதல் சீசனிலேயே கோப்பை. தரவு "ஆபத்து" என்று சொன்ன இடத்தில் அகமதாபாத் "வாய்ப்பு" என்று எழுதியது.

தேர்வைக் கணிப்பதும் வெற்றியைக் கணிப்பதும் ஒன்றா?

இல்லவே இல்லை. இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள்.

2015ல் புனே எடுத்த ஐவர் தோனி, ரஹானே, அஸ்வின், ஸ்மித், டு பிளெசி. காகிதத்தில் இதைவிடப் பலமான ஐவர் ஏது? 2016ல் அந்த அணி எட்டில் ஏழாவது. ஸ்மித்தும் டு பிளெசியும் காயத்தில் பாதியிலேயே கிளம்பினார்கள். குஜராத் லீக் சுற்றில் முதலிடம். அடுத்த ஆண்டு அப்படியே தலைகீழ்: புனே இறுதிப்போட்டியில் ஒரே ஒரு ரன்னில் தோற்றது, குஜராத் ஏழாவது.

வேகாஸ் முதல் சீசனிலேயே 109 புள்ளிகள் எடுத்து இறுதிச்சுற்று வரை போனது. நான்கு ஆண்டு கழித்து அதே விதிகளில் சியாட்டில் கிராக்கன் வந்தது. நுழைவுக் கட்டணம் இன்னும் அதிகம், 65 கோடி டாலர். வேகாஸிடம் ஏமாந்த மற்ற அணிகள் இந்த முறை உஷாராகிவிட்டன. சியாட்டில் 60 புள்ளிகளுடன் தன் பிரிவில் கடைசி இடம். விதி மாறவில்லை, எதிராளிகள் மாறினார்கள்.

கர்நாடகாவுக்கு ஒரு ஹாக்கி அணி வந்தால்?

இப்போது நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். ஹாக்கி இந்தியா லீக் ஏல முறையில் நடக்கிறது. விரிவாக்க டிராஃப்ட் கிடையாது. எனவே இது ஒரு பயிற்சிக் கணக்கு மட்டும்தான். 2024 அக்டோபர் ஏலத்தின் விதிகளை அடிப்படையாக வைத்துக்கொள்வோம்: ஒரு அணிக்கு 24 பேர், அதில் 16 இந்தியர்கள் (நான்கு ஜூனியர்கள் கட்டாயம்), 8 வெளிநாட்டவர். ஆண்கள் அணிக்கு மொத்தப் பணம் ரூ.4 கோடி.

ஒவ்வொரு அணியும் 11 பேரைக் காப்பாற்றலாம் என்று நாமே ஒரு விதி வைப்போம். 13 பேர் வெளியே. எட்டு அணிகளுக்குச் சேர்த்து 104 பேர். அணிக்கு இரண்டு பேர் வீதம் புது அணி 16 பேரை எடுக்கலாம். மிச்சம் 8 இடத்தை ஏலத்தில் நிரப்பலாம்.

யாரை எடுக்கும்? ஏலத்தில் போன பெரிய தொகைகளைப் பாருங்கள். ஹர்மன்பிரீத் சிங் ரூ.78 லட்சம். அர்ஜென்டினாவில் பிறந்து ஜெர்மனிக்கு ஆடும் கொன்சாலோ பெய்யாட் 68 லட்சம். நெதர்லாந்தின் யிப் யான்சன் 54 லட்சம். அமித் ரோஹிதாஸ், ஜுக்ராஜ் சிங் இருவரும் தலா 48 லட்சம். இந்த ஐந்து பேருக்கும் பொதுவாக ஒன்று உண்டு: ஐந்து பேருமே பெனால்ட்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவர்கள். நடுக்கள வீரர் ஹர்திக் சிங்கும் (70 லட்சம்) முன்கள வீரர் அபிஷேக்கும் (72 லட்சம்) அந்த மேல்வரிசையில் விதிவிலக்குகள். ஹாக்கியில் எது அரிய பொருள் என்று சந்தையே சொல்லிவிட்டது. 2025 பிப்ரவரி 1 இறுதிப்போட்டியில் பெங்கால் டைகர்ஸ் 4-3 என்று ஜெயித்தபோது அந்த நான்கில் மூன்று கோல் ஜுக்ராஜுடையது.

இங்கே கேள்வி 2ஐப் போடுங்கள். இரண்டு பேர், ஒரு நாற்காலி எங்கே இருக்கிறது? தமிழ்நாடு டிராகன்ஸில் யான்சன், ரோஹிதாஸ் இருவருமே டிராக் ஃபிளிக்கர்கள். இருவருக்கும் சேர்த்து ரூ.1.02 கோடி. அதாவது மொத்தப் பணத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். 11 பேரைக் காப்பாற்றலாம் என்றால் இருவரையும் வைத்துக்கொள்வார்கள். விதி "ஒரு தடுப்பாட்டக்காரர்தான்" என்று இறுகினால், சென்னை ரசிகர்கள் ராத்திரி தூங்க மாட்டார்கள். கர்நாடக அணி முதலில் தட்ட வேண்டிய கதவு அதுதான். அடுத்து, நல்ல இரண்டாவது கோல்கீப்பரை வைத்திருக்கும் அணிகள்.

முகம் யார் என்ற கேள்விக்கு இங்கே ஒரு உள்ளூர் பதில் இருக்கிறது. குடகில் 1997ல் 60 குடும்ப அணிகளுடன் தொடங்கிய கொடவ ஹாக்கித் திருவிழா 2024ல் 360 அணிகள் வரை வளர்ந்து கின்னஸில் ஏறியது. குடும்பப் பெயரில் அணி; பாட்டியும் பேரனும்கூட ஒரே அணியில் ஆடலாம். மாநில அணி என்ற பெயரோடு வந்து குடகு வீரர் ஒருவர்கூட இல்லாமல் களம் இறங்கினால் மடிக்கேரியிலிருந்து எத்தனை பேர் பார்க்க வருவார்கள்? தமிழ்நாடு அணியில் அரியலூரின் கார்த்தி செல்வம் இருந்தது வெறும் விளையாட்டுக் கணக்கு மட்டும் இல்லை. அதனால் இந்த 16 பெயர்களில் குறைந்தது இரண்டு மூன்று உள்ளூர்ப் பெயர்கள் இருக்கும் என்று கணிப்பதில் ஆபத்து குறைவு. நான்கு ஜூனியர் இடங்களும் அதற்கு வசதியான வாசல்.

ஒரு எச்சரிக்கை: பட்டியலின் அடியில் பாருங்கள்

கணிப்புகள் எல்லாமே முதல் மூன்று, முதல் ஐந்து பெயர்களைப் பற்றித்தான். ஆனால் ஒரு அணி எத்தனை ஆண்டு தாங்கும் என்பது அங்கேயே முடிவாவதில்லை.

2022ல் நாடே பேசிய அந்த ஆறு பேரில், 2025 சீசன் தொடங்கியபோது அதே அணியில் மிச்சம் இருந்தவர்கள் மூன்று பேர்: கில், ரஷித், பிஷ்னோய். ஹர்திக் 2023 நவம்பரிலேயே மும்பைக்குத் திரும்பிவிட்டார். ராகுல் டெல்லிக்கும் ஸ்டாய்னிஸ் பஞ்சாப்புக்கும் போனார்கள். இரண்டு கேப்டன்களும் போய்விட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அதே 2022 பிப்ரவரி ஏலத்தில், பெங்களூருவில், அகமதாபாத் ஒரு சென்னைப் பையனை அடிப்படை விலையான ரூ.20 லட்சத்துக்கு வாங்கியது. 2021 டிஎன்பிஎல்லில் எட்டு ஆட்டங்களில் 358 ரன்கள் அடித்திருந்த சாய் சுதர்சன். அடுத்த ஆண்டு டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கிங்ஸ் அவருக்குக் கொடுத்த விலை ரூ.21.6 லட்சம், ஐபிஎல் சம்பளத்தைவிட அதிகம். அதாவது கோவைக்குத் தெரிந்தது தேசத்துக்கு இன்னும் தெரியவில்லை. 2023 இறுதிப்போட்டியில் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96. 2025ல் 759 ரன்களுடன் ஆரஞ்சு தொப்பி.

மைசூருவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. கருண் நாயர் 2023, 2024 இரண்டு ஐபிஎல்லிலும் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அந்த 2024ல் மகாராஜா டிராஃபியில் மைசூர் வாரியர்ஸ் கேப்டனாக 560 ரன்கள் குவித்து அணிக்குக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு டெல்லிக்கு ஐபிஎல், அதன் பிறகு இந்திய டெஸ்ட் அணி. அந்த ரன்கள் எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. பார்க்கத்தான் ஆள் குறைவு.

இதில் பாதிக்கப்படுவது வாட்ஸ்அப்பில் பந்தயம் கட்டுகிற நாம் இல்லை. பெரிய பெயரைத் தேடியே பணத்தைத் தீர்த்துவிடும் அணியால், உள்ளூர் லீக்கில் இரண்டு மூன்று சீசனாக வாசலில் நிற்கும் பையனுக்கு இடம் போகிறது. ஒரு விளையாட்டு வீரருக்கு மூன்று சீசன் என்பது சின்ன விஷயம் இல்லை. ஹாக்கியில் இது இன்னும் கடுமை. அங்கே மொத்தப் பணமே 4 கோடிதான்.

அடுத்த முறை குழுவில் பட்டியல் வந்தால், போட்டவரிடம் இந்த மூன்றைக் கேளுங்கள்:

- இவரைப் பழைய அணி ஏன் விடும்?
- இவருக்குக் கொடுத்தபின் மிச்சம் எவ்வளவு?
- இந்த மாநிலத்து உள்ளூர் லீக்கில் இருந்து ஒரு பெயராவது இருக்கிறதா?

முதல் இரண்டுக்குப் பதில் இருந்தால் அது ஊகம் இல்லை, கணிப்பு. மூன்றாவதற்கும் பதில் இருந்தால் அந்தப் பட்டியலைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டு கழித்துப் பார்க்கலாம்.